விளையாட்டுச் சம்மேளனத்தின் செயற்குழுவுக்கு ஆள் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலிம்பிக்குக்கும் ஆசியப் போட்டிக்கும் அணி அனுப்பும் தேசிய விளையாட்டுச் சம்மேளனங்களின் செயற்குழுவில் யார் உட்கார வேண்டும்? 2025-ல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்த பிறகு இந்தக் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். ஓய்வுபெற்ற வீராங்கனைகள், தணிக்கையாளர்கள், வழக்கறிஞர்கள், மாவட்டச் சங்கச் செயலாளர்கள், மைதானத்து வாசலில் காத்திருக்கும் பெற்றோர் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் கேள்வி வருகிறது. மாநிலச் சங்கம் ஒன்றின் செயற்குழுவில் இருந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

செயற்குழு அப்படி என்னதான் செய்கிறது? அணியைத் தேர்ந்தெடுப்பதும் பயிற்சி தருவதும் வேறு ஆட்கள்தானே?

அந்த வேறு ஆட்களை நியமிப்பது செயற்குழு. தலைமைப் பயிற்சியாளர் யார், தெரிவுக் குழுவில் யார் யார், தேசிய முகாம் எங்கே, எத்தனை வாரம், எந்த வெளிநாட்டுப் போட்டிக்கு அணி போகும், எதற்குப் போகாது, பிசியோதெரபிஸ்ட் உடன் போவாரா என்பதெல்லாம் அந்த மேசையில்தான் முடிவாகிறது. அமைச்சகத்திடம் நிதி கேட்டு அனுப்பும் ஆண்டுப் பயிற்சி, போட்டித் திட்டமும் அங்கிருந்துதான் புறப்படுகிறது. பதினாறு வயதுச் சிறுமி முதன்முறையாக விமானம் ஏறும்போது அவளுடன் போகும் மேலாளர் பெண்ணா ஆணா என்பதைக்கூட அந்தக் குழுதான் தீர்மானிக்கிறது.

ஒரு வீராங்கனையின் உச்சக் காலம் பெரும்பாலும் இரண்டு ஒலிம்பிக் சுற்றுகளுக்குள் முடிந்துவிடும். செயற்குழு தடுமாறினால் அந்த ஆண்டுகள் போனவை போனவைதான்.

குழு சரியில்லாமல் போய் வீரர்கள் உண்மையிலேயே பாதிக்கப்பட்டிருக்கிறார்களா?

பலமுறை. 2012 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இடைநீக்கம் செய்தது. தேர்தல் நடந்த முறையும், ஊழல் வழக்கில் சிக்கியவர்கள் பதவிக்கு வந்ததும் பிரச்சினை. 2014 பிப்ரவரியில் சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஷிவ கேசவன் உள்ளிட்ட மூன்று இந்திய வீரர்கள் மூவர்ணக் கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். சில நாட்கள் கழித்து, புதிய தேர்தல் முடிந்த பிறகுதான் தடை நீங்கியது. யாரோ நடத்திய தேர்தலின் விலையை, அந்தத் தேர்தலில் வாக்கே இல்லாத பனிச்சறுக்கு வீரர்கள் கொடுத்தார்கள்.

2022 ஆகஸ்டில் கால்பந்துச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. ஆசிய மகளிர் கிளப் போட்டியில் ஆடுவதற்காகக் கோகுலம் கேரளா அணி அப்போது தாஷ்கண்ட் போய்ச் சேர்ந்திருந்தது. ஆடாமலே திரும்பி வந்தது. தடை இரண்டு வாரங்களுக்குள் நீங்கிவிட்டது, ஆனால் அந்தப் போட்டி அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. மல்யுத்தச் சம்மேளனம் 2023 ஆகஸ்டில் உலக அமைப்பால் இடைநீக்கம் செய்யப்பட்டது. உரிய காலத்தில் தேர்தல் நடக்காததே காரணம். அதற்கு முன்பே அந்த ஆண்டு ஜனவரியில் நாட்டின் முன்னணி மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் தொல்லைப் புகார்களோடு டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டம் நடத்த உட்கார்ந்துவிட்டார்கள்.

இந்தியாவில் செயற்குழு தேர்தலில்தானே வருகிறது? "ஆள் தேடுவது" என்ற பேச்சே எங்கிருந்து வருகிறது?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதற்கான பதிலைத்தான். தேர்தல் என்பது கடைசிப் படி. யார் வேட்புமனு போடுகிறார்கள், யாரை முன்மொழிகிறார்கள், யாரைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பது அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பல சம்மேளனங்களில் போட்டியே இருக்காது. எல்லாப் பதவிக்கும் ஒரே மனு, ஏகமனதான தேர்வு, மாலை, புகைப்படம். அந்த ஒரே மனு யாருடையது என்பதைத் தீர்மானிக்கும் பேச்சு, தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பு நாலு பேருக்குள் நடந்திருக்கும்.

அந்தப் பேச்சில் எழும் கேள்வி "எந்த மாநிலம் யார் பக்கம்" என்பதுதான். "நம் குழுவில் கணக்கு தெரிந்தவர் யார், சிறார் பாதுகாப்பு தெரிந்தவர் யார், அண்மையில் ஆடி ஓய்வுபெற்றவர் யார்" என்ற கேள்வி எழுவதில்லை. எழ வேண்டும். தேர்தலை ஒழிக்கச் சொல்லவில்லை. தேர்தலுக்கு முன் ஆள் தேடுங்கள் என்கிறேன். தேடிக் கண்டுபிடித்த நல்லவரையும் வாக்காளர் தோற்கடிக்கலாம். தேடாமலே இருந்தால் அவர் தோற்கக்கூட வாய்ப்பில்லை.

புதிய சட்டம் என்ன சொல்கிறது?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றி, அதே மாதம் 18-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த சட்டம் இது. செயற்குழுவைப் பொறுத்தவரை முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். குழுவில் அதிகபட்சம் 15 பேர். அதில் குறைந்தது இருவர் தனிச்சிறப்பான சாதனை படைத்த விளையாட்டு வீரர்களாகவும், குறைந்தது நால்வர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பதவிக் காலம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. தலைவர், பொதுச்செயலாளர், பொருளாளர் ஆகியோர் தொடர்ந்து மூன்று முறை இருக்கலாம்; பிறகு ஒரு முறை விலகியிருக்க வேண்டும். வயது வரம்பு 70. சர்வதேச அமைப்பின் விதி அனுமதித்தால் 75 வரை போட்டியிடலாம்.

இவற்றைத் தவிர, ஒவ்வொரு சம்மேளனத்திலும் வீரர்கள் குழு, நெறிமுறைக் குழு, தகராறு தீர்வுக் குழு ஆகியவை இருக்க வேண்டும். மேலே, அங்கீகாரம் தருவதற்குத் தேசிய விளையாட்டு வாரியம். வழக்குகளுக்குத் தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயம். தேர்தலை மேற்பார்வையிட, தேர்தல் நடத்திய அனுபவமுள்ளவர்கள் கொண்ட தேர்தல் குழு.

சட்டம் போட்டிருப்பது குறைந்தபட்சக் கோடு. அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டு, "இரண்டு வீரர் வைத்தாயிற்று, நான்கு பெண் வைத்தாயிற்று" என்று கணக்கு முடிக்கும் சம்மேளனம் சட்டத்தை மீறியிருக்காது. நல்ல குழுவும் அமைத்திருக்காது.

நான் பட்டயக் கணக்காளர். விளையாட்டில் ஆர்வம் உண்டு, எந்தச் சங்கத்திலும் இல்லை. நேராகப் பொருளாளர் பதவிக்குப் போட்டியிடலாமா?

முடியாது. தலைவர், பொதுச்செயலாளர், பொருளாளர் ஆகிய மூன்று பதவிகளுக்கும் நீங்கள் தனிச்சிறப்பான சாதனை படைத்த வீரராக இருக்க வேண்டும். அல்லது தேசியச் செயற்குழுவில் ஒரு முழுப் பதவிக் காலம் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். அல்லது அதன் இணைப்புச் சங்கத்தில் இந்த மூன்றில் ஒரு பதவியை வகித்திருக்க வேண்டும். மசோதாவில் முதலில் செயற்குழு அனுபவம் இரண்டு பதவிக் காலம் என்று இருந்தது. பிறகு ஒன்றாகக் குறைத்தார்கள். அனுபவம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் வெளியிலிருந்து வரும் திறமைசாலிக்கு இது நீண்ட சுற்றுவழி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு உண்மையில் திறந்திருக்கும் கதவு துணைக்குழுக்கள். நிதிக் குழு, நெறிமுறைக் குழு, மருத்துவக் குழு போன்றவற்றுக்கு வெளியாட்களை அழைக்கலாம். இன்னொரு வழி மாநிலச் சங்கம். பெரும்பாலான மாநிலச் சங்கங்களில் கணக்கு எழுத ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். செயலாளரைப் பார்த்து, "இந்த ஆண்டுக் கணக்கைத் தணிக்கைக்குத் தயார் செய்து தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். மகிழ்ச்சியோடு கூப்பிட்டால் அது நல்ல சங்கம். தயங்கினால், அந்தத் தயக்கமும் உங்களுக்கு ஒரு தகவல்.

பெரிய நட்சத்திர வீரர் ஒருவரைத் தலைவராக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

பெயர் கதவைத் திறக்கும். உள்ளே நடப்பது வேறு.

2022 செப்டம்பரில் கால்பந்துச் சம்மேளனத் தலைவர் தேர்தலில் இந்திய அணியின் முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியா நின்றார். நாடு முழுக்க அவர் பெயர் தெரியாத கால்பந்து ரசிகர் இல்லை. எதிரே நின்றவர் முன்னாள் கோல்கீப்பர் கல்யாண் சௌபே. முடிவு 33-க்கு 1. வாக்காளர்கள் ரசிகர்கள் அல்லர், மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள். அவர்களோடு ஆண்டுக்கணக்காகப் பேசிப் பழகாதவரை எந்த நட்சத்திரமும் அங்கே ஒளிராது.

ஜெயித்து வந்தாலும் வேலை எளிதாகிவிடுவதில்லை. 2022 டிசம்பரில் பி.டி. உஷா இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 2024 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரியாக ரகுராம் ஐயர் அறிவிக்கப்பட்டார். செயற்குழுவில் பெரும்பான்மையினர் அந்த நியமனத்தை ஏற்க மறுத்தார்கள். சம்பளமும் நியமன முறையும் தகராறுக்குரியவையாயின. பாரிஸ் ஒலிம்பிக் வந்து போயிற்று. 2025 ஜூலையில்தான் ஒப்புதல் கிடைத்தது. யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. தலைவரும் குழுவும் ஒருவரையொருவர் தேடிச் சேர்ந்தவர்கள் அல்லர். தனித்தனி வழியில் வந்து ஒரே அறையில் உட்கார்ந்தவர்கள். இப்படி அமைந்த குழு முதல் பெரிய முடிவிலேயே பிளக்கும்.

ஹாக்கி இந்தியாவுக்கு 2022-ல் திலீப் டிர்கி போட்டியின்றித் தலைவரானார். அங்கே முன்னாள் வீரர் ஒருவர் தலைமைக்கு வந்தது அதுவே முதல் முறை. தடகளச் சம்மேளனத்துக்கு 2025-ல் குண்டு எறிதல் வீரர் பகதூர் சிங் சாகூ வந்தார். நல்ல மாற்றங்கள். இவர்களுக்குப் பக்கத்தில் சட்டமும் கணக்கும் தெரிந்தவர்கள் இருந்தால்தான் அவர்களுடைய ஆட்ட அறிவு முடிவாக மாறும்.

நம் விஸ்வநாதன் ஆனந்தின் வழி கவனிக்கத்தக்கது. 2022 ஆகஸ்டில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் நடந்துகொண்டிருந்தபோதே சர்வதேசச் செஸ் சம்மேளனத்தின் தேர்தலும் நடந்தது. அங்கே தலைவரும் துணைத் தலைவரும் ஜோடியாக நிற்க வேண்டும். அர்காடி துவோர்கோவிச், ஆனந்த் ஜோடி 157-க்கு 16 என்று வென்றது. நிர்வாகம் தெரிந்தவரும் ஆட்டம் தெரிந்தவரும் தேர்தலுக்கு முன்பே ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்துக்கொண்டு வாக்காளரிடம் போனார்கள்.

செயற்குழுவில் என்னென்ன திறமைகள் இருக்க வேண்டும்?

ஆளைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு தாளில் வேலைகளை எழுதுங்கள். நிதி, சட்டம், மருத்துவமும் ஊக்கமருந்துத் தடுப்பும், சிறார் மற்றும் பெண்கள் பாதுகாப்பு, விளம்பரதாரர், ஒளிபரப்பு உரிமை, பயிற்சியாளர் மேம்பாடு, அண்மைக் காலத்து வீரரின் நேரடி அனுபவம், மாற்றுத்திறனாளர் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் எதிரே இப்போது குழுவில் இருப்பவரின் பெயரை எழுதுங்கள். நேர்மையாக எழுதினால் பாதி இடம் காலியாகவே இருக்கும். ஒரே பெயர் ஐந்து இடத்தில் வந்தால் அதுவும் காலி என்றே கொள்ளுங்கள்.

நிதியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நான் இருந்த குழுவில் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். அவர் எந்த விளையாட்டும் ஆடியவர் அல்லர். சிறுமியர் பயிற்சி முகாம் ஒன்றின் செலவுக் கோப்பு கூட்டத்துக்கு வந்தது. நாங்கள் எல்லோரும் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினோம். அவர் ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முட்டையும் பாலும் வாங்கியதாக இருந்த ஒரு ரசீதின் தேதி, சிறுமிகள் ஊருக்கு ரயிலேறிய பிறகு வந்த தேதி. அடுத்த ரசீதும் அப்படியே. குரலை உயர்த்தாமல், "இந்த முட்டையை யார் சாப்பிட்டார்கள்?" என்று மட்டும் கேட்டார். அறையில் பதில் இல்லை. அடுத்த முகாமிலிருந்து உணவுப் பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் இரண்டு சிறுமிகளின் கையொப்பம் வாங்கும் முறை வந்தது. அந்த அறையில் பதக்கம் வென்றவர்கள் இருந்தோம். சிறுமிகளின் தட்டுக்கு முட்டை வர வைத்தவர் அந்த வங்கிக்காரர்.

பெண்கள் நால்வர் வேண்டும் என்கிறது சட்டம். "தகுதியான பெண்கள் கிடைக்கவில்லை" என்று சொல்கிறார்களே?

தேடாதவர்கள் சொல்லும் பதில் அது. மாநிலத்துக்கு ஆடி, ரயில்வே, காவல்துறை, வங்கி, அஞ்சல்துறை வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்து, இன்று அதிகாரிகளாக இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! கோப்பு எழுதத் தெரிந்தவர்கள், பணியாளர்களை நிர்வகிப்பவர்கள், விசாரணை நடத்தியவர்கள். உடற்கல்வி இயக்குநர்கள், சர்வதேச நடுவர்கள், விளையாட்டு மருத்துவர்கள் வேறு. இவர்களில் பலரை யாரும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்கும்போது கூட்டத்தை இரவு ஒன்பது மணிக்கு வேறு ஊர் ஹோட்டலில் வைக்காதீர்கள். நிர்வாகியின் மனைவியையோ மகளையோ பெயருக்கு நிறுத்துவது நான்கு இடங்களை வீணடிப்பது; வீராங்கனைகளுக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்வேன்.

மல்யுத்த வீராங்கனைகளின் புகாரை ஆராய மேரி கோம் தலைமையில் அமைக்கப்பட்ட மேற்பார்வைக் குழு, அந்தச் சம்மேளனத்தில், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அமைய வேண்டிய உள்ளகப் புகார் குழு முறையாக இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. அந்தச் சட்டப்படி புகார் குழுவின் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியாள். செயற்குழுவில் விவரம் தெரிந்த பெண் ஒருவர் இருந்தாலே முதல் கூட்டத்தில் கேட்டிருக்கும் கேள்வி இது.

வீரர்களின் பிரதிநிதியாக வருபவருக்கு உண்மையில் குரல் இருக்கிறதா?

இருக்க வைக்க வேண்டும். 2022 நவம்பரில் ஒலிம்பிக் சங்கத்தின் வீரர்கள் ஆணையம் தேர்ந்தெடுக்கப்பட்டது. சென்னையின் மேசைப் பந்தாட்ட வீரர் சரத் கமல் துணைத் தலைவரானார். வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவியும் உறுப்பினரானார். சோச்சியில் கொடியில்லாமல் நடந்த ஷிவ கேசவனும் அதில் இடம்பெற்றார். அவரைவிட அந்த இடத்தின் அருமை தெரிந்தவர் யார்?

ஆனால் ஆடிக்கொண்டிருக்கும் வீரருக்கு ஒரு சிக்கல் உண்டு. எந்தக் குழுவை எதிர்த்துக் கேள்வி கேட்கிறாரோ அதே குழுதான் அவரை அணியில் எடுக்கும் தெரிவாளர்களை நியமிக்கிறது. மேசைப் பந்தாட்டத்தில் மனிகா பத்ரா, தேசியப் பயிற்சியாளர் மீது சொன்ன புகாரோடு டெல்லி உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் சம்மேளனத்தின் செயற்குழுவை இடைநீக்கம் செய்து நிர்வாகிகள் குழுவை அமைத்தது. ஒலிம்பிக் ஆடியவருக்கே நீதிமன்றம் தேவைப்பட்டது என்றால், மாநில ஜூனியர் அணியில் இருக்கும் பெண் யாரிடம் போவாள்?

ஆகவே வீரர் பிரதிநிதிக்கு மூன்று உதவிகள் செய்யுங்கள். கூட்டப் பொருளை ஒரு வாரம் முன்பே, ஆவணங்களோடு கொடுங்கள். கணக்கு அறிக்கை படிக்கவும் தீர்மானம் எழுதவும் கற்றுக்கொடுங்கள்; அது ஓரிரு நாளில் சொல்லித்தரக்கூடிய விஷயம். கடைசியாக, அவர் சொன்ன மாற்றுக் கருத்தை நடவடிக்கைக் குறிப்பில் பெயரோடு பதிவு செய்யுங்கள். பதிவாகும் என்று தெரிந்தால்தான் பேசுவார்.

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள்?

எனக்கு நன்கு தெரிந்த உதாரணம் பிரிட்டன். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தங்கம். பதக்கப் பட்டியலில் 36-வது இடம். அதன் பிறகு உயர்நிலை விளையாட்டுக்கென யுகே ஸ்போர்ட் என்ற அமைப்பு லாட்டரிப் பணத்தைக் கொண்டு சம்மேளனங்களுக்கு நிதி தரத் தொடங்கியது. 2012-ல் லண்டனில் 29 தங்கம் வந்தது.

நமக்குப் பாடமாவது அதற்கடுத்த கட்டம். யுகே ஸ்போர்ட்டும் ஸ்போர்ட் இங்கிலாந்தும் சேர்ந்து 2016-ல் ஒரு நிர்வாகக் கோவையை (விதித்தொகுப்பை) வெளியிட்டன. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. பெரிய தொகை பெறும் அமைப்புகளின் இயக்குநர் குழுவில் நான்கில் ஒரு பங்கினர் அந்த அமைப்போடு நெருங்கிய தொடர்பில்லாத சுயேச்சை உறுப்பினர்களாக இருக்க வேண்டும். ஆண், பெண் எந்தப் பாலினமும் 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குழு பொதுவாக 12 பேருக்குள். ஒருவர் ஒன்பது ஆண்டுக்கு மேல் இருப்பது விதிவிலக்கு. தலைவர் பதவியும் சுயேச்சை உறுப்பினர் இடங்களும் வெளிப்படையாக விளம்பரம் செய்து நிரப்பப்படும். விளம்பரத்தில் என்ன திறமை வேண்டும், மாதம் எத்தனை நாள் ஒதுக்க வேண்டும், நேர்காணல் எப்போது என்பதெல்லாம் இருக்கும். ஆண்டுதோறும் குழு தன்னையே மதிப்பிட வேண்டும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வெளியாள் வந்து மதிப்பிடுவார்.

எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொள்ளவில்லை. இங்கிலாந்து மேசைப் பந்தாட்ட அமைப்பின் உறுப்பினர்கள் 2017 ஜூலையில் சீர்திருத்தத்துக்கு வேண்டிய முக்கால் பங்கு ஆதரவை மயிரிழையில் தரத் தவறினார்கள். உடனே நிதி நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதமே மறு கூட்டம் போட்டு நிறைவேற்றினார்கள்.

இந்தக் கோவையால் எல்லாம் தீர்ந்தது என்றும் சொல்ல மாட்டேன். பிரிட்டிஷ் ஜிம்னாஸ்டிக்ஸில் சிறார் துன்புறுத்தப்பட்டது பற்றி ஆன் வைட் என்ற வழக்கறிஞர் நடத்திய ஆய்வுக்கு நானூறுக்கும் மேற்பட்டோர் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். 2022-ல் அறிக்கை வந்தது. பதக்கம் குவிந்த காலத்திலேயே குழந்தைகள் அழுதிருக்கிறார்கள். 2021-ல் திருத்தப்பட்ட கோவை, வீரர் நலனுக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பாக ஓர் இயக்குநரைப் பெயர் சொல்லி நியமிக்கக் கேட்டது. நம் சம்மேளனங்களும் இதை நாளையே செய்யலாம். எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை.

பேசாமல் அரசே தகுதியானவர்களை நியமித்துவிடலாமே?

சர்வதேச அமைப்புகள் ஏற்காது. வெளித் தலையீடு என்று சொல்லி இடைநீக்கம் செய்யும். முதலில் சொன்ன கால்பந்துத் தடைக்கு, நீதிமன்றம் அமைத்த நிர்வாகிகள் குழு சம்மேளனத்தின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டதே காரணம். அரசு நிபந்தனை வைக்கலாம், நிதியை நிறுத்தலாம், தேர்தல் நேர்மையாக நடக்கிறதா என்று பார்க்கலாம். நாற்காலியில் ஆளை உட்கார வைக்க முடியாது.

அரசியல்வாதிகள் வரவே கூடாதா?

தடை இல்லை. அரங்கம் கட்ட நிலம், மின் இணைப்பு, பள்ளி மைதானம் திறந்துவிடும் உத்தரவு என்று அரசியல் செல்வாக்கால் நடந்த நல்ல காரியங்களைப் பார்த்திருக்கிறேன். மற்ற எவரிடமும் கேட்கும் கேள்விகளையே அவரிடமும் கேளுங்கள்: எத்தனை கூட்டத்துக்கு வருவீர்கள்? எந்தத் துணைக்குழுவில் வேலை செய்வீர்கள்? கடந்த பதவிக் காலத்தில் பாதிக் கூட்டத்துக்கு வராதவர் யாராக இருந்தாலும் இடம் தர வேண்டாம். கிரிக்கெட் வாரியத்தைச் சீரமைக்க உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழுவின் பரிந்துரைகளை 2016 ஜூலையில் அந்த நீதிமன்றம் ஏற்றபோது அமைச்சர்களும் அரசு ஊழியர்களும் நிர்வாகப் பதவி வகிக்கத் தடை வந்தது. மற்ற விளையாட்டுகளிலும் அமைச்சர் பொறுப்பில் இருக்கும்போதாவது விலகியிருப்பதே முறை என்பது என் கருத்து.

சம்பளம் உண்டா?

பெரும்பாலும் இல்லை. பயணச் செலவும் தங்குமிடமும் கிடைக்கும். அதனால்தான் நேரம் இருப்பவர்களும் வசதி இருப்பவர்களுமே திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஓய்வுபெற்ற வீராங்கனை தன் வேலைக்கு விடுப்புப் போட்டு வர வேண்டும் என்றால், சம்மேளனம் அவருடைய அலுவலகத்துக்கு முறையாகக் கடிதம் எழுதி அனுமதி வாங்கித் தருவதாவது செய்ய வேண்டும்.

நான் அகாடமி நடத்துகிறேன். குழுவில் இருக்கலாமா?

இருக்கலாம், எழுத்தில் சொல்லிவிட்டால். உங்கள் மாணவர் தெரிவுக்கு வரும் கூட்டத்தில் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். மௌனமாக உட்கார்ந்திருப்பது போதாது. நீங்கள் இருக்கும்போது யாரும் உங்கள் மாணவரைக் குறை சொல்ல மாட்டார்கள். விளையாட்டுப் பொருள் விற்பவர்களுக்கும், உறவினர் அணியில் இருப்பவர்களுக்கும் இதேதான்.

என்னைச் செயற்குழுவுக்கு அழைத்திருக்கிறார்கள். ஒப்புக்கொள்வதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

சங்க விதிகளின் கடைசியாகத் திருத்தப்பட்ட பிரதி, மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கைகள், கடந்த ஓராண்டின் நடவடிக்கைக் குறிப்புகள், நிலுவையில் உள்ள வழக்குகளின் பட்டியல், உள்ளகப் புகார் குழு உறுப்பினர்களின் பெயர்கள், வங்கிக் காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் யார் யாருக்கு என்ற தீர்மானம். இவற்றைக் கேட்டு வாங்குங்கள். கணக்குத் தாளைக் கூட்டத்தில் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும் சங்கங்கள் இருக்கின்றன. நடவடிக்கைக் குறிப்பு கூட்டத்துக்கு முன்பே தட்டச்சாகி வந்து, உள்ளே நுழையும்போதே கையெழுத்துக் கேட்பதும் உண்டு. அப்படியானால் போகாதீர்கள். போவதாக முடிவு செய்தால், முதல் கூட்டத்திலேயே அதை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டாவது கூட்டத்தில் உங்கள் கையெழுத்தும் அதில் இருக்கும்.

உறுப்பினர் ஆகாமலும் கேட்க ஒரு வழி உண்டு. புதிய சட்டப்படி, அரசு நிதி பெறும் சம்மேளனம் அந்த நிதியைச் செலவிட்ட விவரத்தைப் பொறுத்தவரை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வருகிறது.

எங்கள் மாவட்டச் சங்கத்துக்கு அடுத்த ஆண்டு தேர்தல். இப்போது என்ன செய்யலாம்?

வாக்காளர் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். எந்தக் கிளப்புகளுக்கு வாக்கு இருக்கிறது, அவற்றில் எத்தனை உண்மையில் அணி இறக்குகின்றன என்று பாருங்கள். ஆடாத கிளப்புகளின் வாக்கு பற்றி இப்போதே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு எழுதினால் பதில் வருவதற்குள் தேர்தல் முடிந்துவிடும். திறமைப் பட்டியல் தாளை ஒரு கூட்டத்தில் வைத்து எல்லோரும் சேர்ந்து நிரப்புங்கள். காலியிடங்களுக்கு உள்ளூர்ப் பத்திரிகையிலும் வாட்ஸப் குழுக்களிலும் திறந்த அழைப்பு விடுங்கள்: இன்ன வேலைக்கு ஆள் தேவை, மாதம் இத்தனை மணி நேரம், விருப்பமுள்ளவர்கள் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பலாம். வருகிறவர்களை மூன்று பேர் சந்தித்துப் பேசட்டும். அந்த மூவரில் ஒருவர் ஓய்வுபெற்ற வீராங்கனையாக இருக்கட்டும், மூவரில் எவரும் தேர்தலில் நிற்காதவராக இருக்கட்டும். பிறகு ஒவ்வொருவருக்கும் முன்மொழிபவரையும் வழிமொழிபவரையும் தேடிக் கொடுங்கள். புதிதாக வருபவர்களின் மனுக்கள் பெரும்பாலும் தள்ளுபடியாவது இந்த இடத்தில்தான். ஆகவே இரண்டு பிரதிகளில் நிரப்பி, கடைசி நாளுக்கு முந்தைய நாளே தேர்தல் அதிகாரியிடம் கொடுத்து, தேதியும் நேரமும் குறித்த ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.